ராட்டைக் கதிர்

ஆரணியிலிருந்து வேலூர் போகும் பேருந்தில், எனக்கு முன் சீட்டில் ஓர் அம்மா பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். கண்ணமங்கலத்தில் இறங்கி வீட்டுக்கே திரும்பிவிடுவதாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பக்கத்தில் அவருடைய அண்ணன் மகள். ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுப் பிரிவில் வேலை என்பது பேச்சில் தெரிந்தது. திடீரென்று பேருந்தே திரும்பிப் பார்க்கும்படி அந்த அம்மா கேட்டார்:

“கர்ப்பப்பைக்குள்ள கதிர வெச்சா குத்தாதாடி?”

“அய்யோ அத்த! தறிக்கு நூல் தார் சுத்துற ராட்டையில இருக்குதே, அந்த இரும்புக் கதிருன்னு நெனச்சிகினா வரமாட்டேன்ன? இது எக்ஸ்ரே மாதிரி, கண்ணுக்கே தெரியாது.”

“அப்ப உள்ள என்னாதான் போவுது?”

“மயக்கம் குடுத்துட்டுக் குழாய் வெப்பாங்க. அதுக்குள்ள கம்பி முனையில அரிசி அளவு ஒரு துண்டு போவும். கட்டி மேல கதிர வுட்டுட்டு, தறியில ஓடுற நாடா மாதிரி திரும்பிப் பெட்டிக்கே வந்துடும்.”

“தறியில நாடாவே மாட்டிக்குது. இது மாட்டிகினா?”

நான் பேப்பரை மடித்தேன். எனக்கும் அது தெரிய வேண்டியிருந்தது.

“அதுக்குத்தான் எங்களுக்கு டிரெயினிங். பொம்மையப் படுக்க வெச்சி மணி அடிப்பாங்க. உள்ள ஓடி, மெஷின் கைப்பிடியச் சுத்திக் கம்பிய இழுக்கணும். ஜல்தியா வரலன்னு என்னத் திரும்பத் திரும்ப ஓட வுட்டாங்க.”

“எனக்கு மாட்டிகினா நீயா ஓடியாருவ?”

“நாந்தான் அத்த.”

“சின்னதுலயே ராட்டை நல்லா சுத்துவ நீ.”

“கண்ணமங்கலம் எறங்கறவங்கள்லாம் வாங்க!” என்று கண்டக்டர் கத்தினார்.

அந்த அம்மா பையைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார்.