கணக்கில் தேறாத கனகம் அக்கா

மேடையில் வீற்றிருக்கும் படிப்பகத் தலைவர் குஞ்சிதபாதம் ஐயா அவர்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் மகள் மலர்விழி, கம்மாபுரத்திலிருந்து வந்திருக்கும் உறவினர்களே, ஷிப்டு முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்து நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளத் தோழர்களே, சிலம்பரசனின் வணக்கம்.

வாசலில் கட்டியிருக்கும் பதாகையைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். ‘நாற்பத்தாறு வயதில் பத்தாம் வகுப்பில் வெற்றி பெற்ற கனகம் அம்மையார்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். அன்பினால் செய்தது, யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அது உண்மையில்லை. அக்கா இறந்த நான்காம் நாள் தேர்வு முடிவு வந்தது. கணக்கில் முப்பத்து மூன்று. தேறுவதற்கு முப்பத்தைந்து வேண்டும். ஐந்தாவது முறை எழுதினார். ஐந்தாவது முறையும் தவறினார். இதை மறைத்துவிட்டுப் பேசினால் நாம் வேறு யாருக்கோ அஞ்சலி செலுத்துகிறோம் என்றாகிவிடும்.

பதினாறு ஆண்டுகள் சுரங்கத்து கேன்டீனில் ஒப்பந்த வேலை பார்த்தவர் கனகம் அக்கா. பத்தாவது தேறினால் ஆபரேட்டர் பயிற்சிக்கு எழுதிப் போடலாம் என்று நம்பி, ஆறு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் பதினான்கு பேர் இந்தப் படிப்பகத்தின் பின்னறையில் மாலை வகுப்பு தொடங்கினோம். எங்கள் எல்லோரையும் பள்ளியிலிருந்து வெளியே தள்ளியது ஒரே பாடம்தான். கணக்கு. முதல் ஆண்டு ஞாயிறுதோறும் வந்து சொல்லிக்கொடுத்த ஆசிரியை புவனா, கணவருக்கு மாற்றல் வந்து ஊரைவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு வெறும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யார் முதலில் எழுந்து வீட்டுக்குப் போவது என்பதுதான் எல்லோர் மனதிலும் இருந்தது.

அக்கா எழுந்தார். வாசலுக்குப் போகவில்லை, பலகைப் பக்கம் போனார்.

“டீச்சர் போயிட்டாங்கன்னா நாமளும் போயிடணுமா? யாருக்கு எது புரியலயோ அத இங்க வந்து சொல்லுங்க. வெக்கப்பட்டுக்கினு உக்காந்திருந்தா ஒண்ணும் ஆவாது. மொதல்ல நான் சொல்றேன். எனக்கு எதுவுமே புரியல” என்றார்.

அன்றிலிருந்து அந்த வகுப்பு அக்காவுடையது.

அக்காவுக்குக் கணக்கு எளிதாக வந்ததா? இல்லை. முதல் தேர்வில் பதினொரு மதிப்பெண். வாய்ப்பாட்டில் ஏழுக்கு மேல் தடுமாறுவார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் கேன்டீனில் டம்ளர்களைக் கழுவி மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் தேநீருக்காக வரிசையில் நின்றேன். ஒரு டம்ளர். அதன் வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் மூலையிலுமாக மூன்று டம்ளர். அதே இரண்டு ஓரங்களிலும் ஐந்து. பிறகு ஏழு. அக்காவின் கை நின்றுவிட்டது.

“யக்கா, டீ ஊத்துவியா மாட்டியா?” என்று பின்னாலிருந்து ஒருவர் சத்தம் போட்டார்.

“இருங்க வரேன். தம்பி, இங்க வா. ஒத்தப்படை எண்ணா சேத்துக்கினே போனா சதுரமா வருது பாரு. நாலு, ஒம்போது, பதினாறு. புஸ்தகத்துல இருக்கிற சூத்திரம் இதுதானா? ரெண்டு வருசமா மனப்பாடம் பண்ணிக்கினு இருந்தேனே.”

அக்காவின் கண்ணில் நீர் நின்றது. “சின்ன வயசுல இதுக்குத்தான் என்னை அடிச்சாங்க. இது இவ்ளோ அழகுன்னு ஒருத்தர்கூட சொல்லலியே தம்பி” என்றார்.

அதற்குப் பிறகு அக்கா தேர்வுக்காகப் படிக்கவில்லை. அதுதான் தேர்வில் அவரைக் கெடுத்தது. கடைசித் தேர்வில் ஒரு கூம்புக் கணக்கிலேயே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். கடைசியாகப் பார்த்தபோது, மற்றதை எழுதியிருக்கலாமே என்று கேட்டேன். “அது என்னை விடல தம்பி” என்றார், அவ்வளவுதான்.

நான் தேறியவன். இங்கே பலர் என்னைப் பாராட்டியிருக்கிறீர்கள். நாற்பத்தொரு மதிப்பெண். இன்று அந்தப் பாராட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். நான் புரிந்து எழுதவில்லை. விடைகளை உருப்போட்டு எழுதினேன். வகுப்பில் அக்கா கேட்கும்போதெல்லாம் புரிந்துவிட்டது என்று பொய் சொன்னேன். பயிற்சிக்கு இடம் கிடைத்ததும் வகுப்புக்கு வருவதை நிறுத்தினேன். அக்காவை வழியில் பார்த்தால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறேன்.

போன மாதம் மலர்விழி போன் செய்தார். அக்கா பாண்டிச்சேரியில் ஆஸ்பத்திரியில் இருந்தார். கல்லீரலில் புற்று, முற்றிவிட்டிருந்தது. “அம்மா உங்களைத்தாங்க கேட்டுக்கினே இருக்காங்க” என்றார். போனேன். தலைமாட்டில் கிராஃப் நோட்டு.

“நீ பாஸ் பண்ணவன். இத சொல்லிட்டுப் போ. ஒண்ணோட கனம், ரெண்டோட கனம், மூணோட கனம், கூட்டினா முப்பத்தாறு. ஒண்ணு, ரெண்டு, மூணக் கூட்டி ஆற ஆறால பெருக்கினாலும் முப்பத்தாறு. எத்தினி போட்டாலும் இப்படியே வரும்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. ஏன் வருது?”

எனக்குத் தெரியவில்லை. ஆறு ஆண்டுகளில் முதல்முறையாக உண்மையைச் சொன்னேன். தெரியாதுக்கா, எனக்கு எதுவும் தெரியாது, உங்களிடம் பொய் சொன்னேன் என்றேன். அவர் கோபித்திருக்கலாம், கோபிக்கவில்லை. நோட்டை என் பக்கம் நகர்த்தினார். “அப்ப ரெண்டு பேருமா பாப்போம், உக்காரு” என்றார். ஒவ்வொரு கனத்துக்கும் அத்தனை கட்டம், எல்லாம் சேர்ந்து ஒரே சதுரமாகிறதா என்று கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டினோம். மூன்று வரை கண்ணுக்கு முன்னால் அப்படியே பொருந்தியது. நான்காவதில் பாதி தீட்டியபோது அக்காவின் கையிலிருந்து பென்சில் நழுவியது. “நாளைக்கு” என்றார்.

மறுநாள் எனக்குக் காலை ஷிப்டு. விடுப்பு கேட்டிருக்கலாம்; கேட்கவில்லை. மாலையில் நான் போய்ச் சேர்ந்தபோது படுக்கையை மடித்துவிட்டிருந்தார்கள்.

தோழர்களே, பன்னிரண்டு நாட்களாக அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. நான்காவதைத் தீட்டி முடித்தேன், பொருந்துகிறது. ஐந்தாவதும் பொருந்துகிறது. ஏன் என்று மட்டும் தெரியவில்லை. எதற்காக இந்த வயதில் இந்த வேதனை என்று நோட்டைத் தூக்கி எறிந்திருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் நானே எடுத்திருக்கிறேன். தெரியாத ஒன்றை இவ்வளவு விரும்ப முடியும் என்று அக்கா எனக்குக் காட்டிவிட்டார். காட்டிவிட்டுப் போய்விட்டார். யாரிடம் போய்க் கேட்பேன்?

பதினான்கு பேரில் இன்று ஊரில் மிஞ்சியிருப்பவர்கள் நான்கு பேர், அக்கா போனபின் வகுப்புக்கு யாரும் வருவதில்லை. தலைவர் ஐயா நேற்று என்னைக் கூப்பிட்டு, “வகுப்பு நடக்குமா, இல்ல அந்த ரூமை தையல் பயிற்சிக்குக் கொடுத்துடலாமா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இப்போது, உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன். ஐயா, அறையைக் கொடுத்துவிடாதீர்கள். வரும் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு நான் வந்து திறப்பேன். அடுத்த ஞாயிறும் திறப்பேன்.

இதை வீரமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்து வந்தேன். முடியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அக்கா இல்லாத அந்த அறையில் தனியாக உட்கார என்னால் ஆகாது. கணக்கில் தோற்றவர்கள் இங்கே எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஒருவராவது வாருங்கள்.