நாலாவது வாட்டி

திருவொற்றியூர் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மீன்கூடைக்காரி மற்றவளைக் கடிந்துகொண்டாள்.

"அதே வெள்ளப் படத்துக்கு நாலாவது வாட்டியா? பைத்தியமாடி ஒனக்கு?"

"அதுல வர்ற கைக்கொழந்த என் புள்ளக்கா. ஷூட்டிங்குக்கு நான்தான் குடுத்தேன். அம்மாவா நடிக்கிறவ அவன மார்ல கட்டிகினு தண்ணில நிக்கிறா. படகு வந்து ரெண்டு பேரையும் காப்பாத்திடுது."

"ஊரே பாத்திருக்குமே! புள்ளைக்கி சுத்திப் போட்டியா?"

"அவன் இப்ப உசுரோட இல்லக்கா. போன மழைல சடையங்குப்பத்துல நெஜ வெள்ளம். ஜொரத்துல கெடந்தவன ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போவ எந்தப் படகும் வரல."

கூடைக்காரி அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"கண்ணு பட்டுடும்னு மாமியா ஒரு போட்டோ கூட எடுக்க வுடல. ஷூட்டிங்குக்கு அதுக்குத் தெரியாமத்தான் தூக்கினு போனேன். நாளைக்கி தியேட்டர்ல படத்த மாத்துறாங்களாம்."

"எத்தினி மணி ஆட்டம்?" என்றாள் கூடைக்காரி. "நானும் வரேன்."