ஏழு சுமைதாங்கி

போடி தபால் ஆபீசில் தந்தி கொடுக்கும் வரிசை. எனக்கு முன்னால் ஒரு ஏலக்காய்க் கடைக்காரர். அவருக்கு முன்னால், குரங்கணி மலையிலிருந்து மூட்டை சுமந்து இறக்குகிற ஒருவர், சும்மாட்டுத் துணியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நின்றார்.

“கொழும்புலருந்து திருச்சிக்கு ஏரோப்பிளேன் வர்ற வழியில எத்தனை சுமைதாங்கி, தம்பி?” என்று கடைக்காரரைக் கேட்டார்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. “சுமையை எறக்கி வைக்கிற கல்லெல்லாம் மலைப்பாதைக்குத்தாண்ணே. அது கடலுக்கு மேல வருது. முந்நூறு மைலுக்குக் கொஞ்சம் கொறைச்சல். ரெண்டு மணி நேரத்துல வந்துரும். யாரு வர்றா?”

“மகன். அவன் ஆத்தா விடியக்காலம் தவறிட்டா. மொகம் பாக்கணும்ல.”

“திருச்சியிலருந்து போடிக்கு வந்து, குரங்கணி போயி, அப்புறம் மலையும் ஏறணுமே அண்ணே?”

“அவன் ஏற வேணாம். அவளைக் கீழ கொண்டாந்துர்றோம். வழியில ஏழு சுமைதாங்கி.”

வரிசை நகர்ந்தது. அவர் நகரவில்லை.

“முப்பது வருசமா அந்தக் கல்லுல மூட்டையத்தான் எறக்கி வச்சிருக்கேன், தம்பி. அவளை எப்படி வைக்க?”