ஒத்தை செகண்டு ஷட்டர்

பைய நெருங்கி உக்காருங்க லே. அந்த செல்போன் வெளிச்சத்தை அமத்து. பேய்னா ராத்திரிதான் வரணும்னு எவன் சொன்னான்? இது பட்டப்பகல்ல நடந்தது... மதியம் பன்னெண்டரை மணி. ஸ்ரீவைகுண்டம் போற ஆத்தங்கரை ரோடு. ரெண்டு பக்கமும் வாழை. ஒரு ஈ காக்கா கிடையாது.

பைக்ல போனது ஹெப்ரான். நம்ம சுவிசேஷமுத்து இருக்காம்லா, அவனுக்கு அத்தான். பாளையங்கோட்டையில பழைய ஃபிலிம் கேமரா ரிப்பேர் பாக்கான். இப்பத்த பயலுவளுக்கு அதுல ஒரு கிறுக்கு, பெங்களூர்ல இருந்தெல்லாம் கூரியர் வருது. சிக்கின ஷட்டர், ஒட்டிக்கிட்ட அப்பெர்ச்சர் தகடு... இவன் பெட்ரோலைத் தொட்டு விட்டான்னா சொன்ன பேச்சு கேக்கும். கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு.

அன்னைக்குப் பையில இருந்தது ஜெபகனி டீச்சர் கொடுத்த கேமரா. டீச்சருக்கு ஒரே மகன், பெனோ. காலேஜ் பையன். இதே ஆத்துல அணைக்கட்டுப் பக்கம் குளிக்க இறங்கினவனைப் பொணமாத்தான் தூக்கினாங்க. கேமரா கரையில கிடந்துச்சு. "ஷட்டர் மெதுவா விழுதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பான் தம்பி, சரி பண்ணித் தாங்க"ன்னு டீச்சர் கொடுத்துட்டுப் போனாங்க.

எந்தக் கேமரா வந்தாலும் முதல்ல ஃபிலிமை நகத்துத லீவரைச் சுத்திப் பாக்கணும். உள்ள ஃபிலிம் இருந்தா அந்தப் பக்கத்துக் குமிழும் கூடவே சுத்தும். டீச்சர் கேமராவுக்கு மட்டும் ஹெப்ரான் அதைப் பாக்கல. போன்ல பேசிக்கிட்டே பின்மூடியைச் சடார்னு திறந்துட்டான்... உள்ள ஃபிலிம். வெளிச்சம் பட்டாச்சு.

உடனே மூடியிருந்தா அடிச்சுருள்ல நாலஞ்சு படமாவது பொழைச்சிருக்கும். அது அவனுக்கே தெரியும். ஆனா டீச்சர்ட்ட எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்ல? வெக்கம் லே, வெக்கம். முழு ஃபிலிமையும் உருவி, சாயங்காலம் கால்வாய்ல வீசிட்டான்.

மறுநா டீச்சர் போன் பண்ணுதாங்க. "தம்பி, தண்ணில இறங்கதுக்கு முன்னால பெனோ தன்னைத்தானே ஒரு படம் எடுத்தான்னு கூட்டாளிமாரு சொல்லுதாங்க. உள்ள ஃபிலிம் இருக்கா?"

"இல்லையே டீச்சர்."

அந்தக் கேமராவைத்தான் அன்னைக்கு மதியம் கொடுக்கப் போறான். கொடுக்கதுக்கு முன்னால ஒருக்கா வெயில்ல சோதிக்கது அவன் வழக்கம். ஆத்தங்கரையில பைக்கை நிப்பாட்டினான். பின்மூடியைத் திறந்து, பின்னால இருந்து லென்சு வழியா ஆத்தைப் பாத்து, ஷட்டர் ஒரு செகண்டு திறந்து நிக்க மாதிரி வச்சு அமுக்கினான்.

ஸ்ர்ர்ர்ர்... டக்.

லென்சு வழியா எல்லாம் தலைகீழாத்தான் தெரியும். அந்த ஒரு செகண்டுல... ஆத்துக்குள்ள ஒருத்தன். இடுப்பளவு தண்ணி. கேமராவை இறக்கிப் பாத்தா வெறும் ஆறு.

இன்னொருக்கா. ஸ்ர்ர்ர்ர்... டக். இப்ப முழங்கால் தண்ணி. பாசி வாடை குப்புனு அடிச்சுது.

மூணாவது. ஸ்ர்ர்ர்ர்ர்ர்ர்... டக் விழவே இல்ல. ஆறு தலைகீழா, வாழை தலைகீழா... அவன் மட்டும் நேரா நின்னான். கரையில. ஈரத்தலையைக் கோதி விட்டான். படத்துக்கு நிக்க மாதிரி சிரிச்சான்.

டக்.

மூடியை அறைஞ்சு மூடிட்டு ஹெப்ரான் பைக்கை விரட்டுதான். எல்லாத்தையும் சொல்லி கால்ல விழுந்துரணும்னுதான் டீச்சர் வீட்டுப் படியேறினான். டீச்சர் காப்பி கொடுத்தாங்க. முகத்தையே பாத்துக் கேட்டாங்க: "ஃபிலிம் இல்லவே இல்லையா தம்பி?"

"இல்ல டீச்சர்"னுட்டான், பாவி. பைபிள்ல வார மாதிரி சேவல் கூவாததுதான் குறை.

டீச்சர் கேமராவை மடியில வச்சு, மகன் நினைப்புல லீவரைச் சுத்தினாங்க. க்ர்ர்ரிக்... அந்தப் பக்கத்துக் குமிழும் கூடவே சுத்துச்சு.

காலியா மூடின கேமரா லே!

டீச்சர் அந்தக் குமிழைப் பாத்துட்டு, கேமராவை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டாங்க. ஒரு மாசம் கழிச்சு டீச்சர்ட்ட இருந்து கடைக்குத் தபால்ல ஒரு கவர் வந்துச்சு. ஒரு வரி எழுத்து இல்ல, அந்த ஃபிலிமைக் கழுவி எடுத்த ஒரே ஒரு படம். கால்வாய்க் கரையில ஹெப்ரான் நிக்கான். கையில உருவின ஃபிலிம், மூஞ்சியில திருட்டு முழி. அதைக் கிழிக்கவும் மனசு வராம சட்டைப் பையில வச்சுக்கிட்டு அலையுதான். டீச்சர் தெருப்பக்கம் போறதே இல்ல.

நானும் பாத்தேன் அந்தப் படத்தை. கரையில இருந்து எடுத்தது இல்ல... கீழ, தண்ணி மட்டத்துல இருந்து எடுத்திருக்கு. ஒரு ஓரத்துல எடுத்தவன் விரல் மறைச்சிருக்கு... ஊறி, சுருங்கி, வெள்ளை வெளேர்னு.