கல் விட்டவர் வராத கூட்டம்

கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வரும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். சன்னலோரம் இருந்தவர் சொன்னது காதில் விழுந்தது.

“கல்லு வுட்டவரே போயி சமாதானம் பேசினா நல்லாவாக்கா இருக்கும்? அதான் இன்னிக்கி நான் போறேன்.”

அவர் வார்டு மெம்பர். இதுவரை எல்லாக் கூட்டத்துக்கும் கணவர்தான் போய்வந்திருக்கிறார். திருவிழாவில் அவர் தெருவுக்கும் எதிர்த் தெருவுக்கும் அடிதடியாகி, இன்று தாலுக்கா ஆபீசில் சமாதானக் கூட்டம். பக்கத்தில் இருந்த அக்கா எதிர்த் தெருக்காரர். அன்று கல் பட்டு தலையில் தையல் போட்டிருப்பது அவர் மகனுக்கு. பேச்சிலிருந்தே இதெல்லாம் தெரிந்தது.

“அங்க போயி இன்னா பேசப் போற?”

“கல்லு வுட்டது எங்க வூட்டுக்காரருதான்னு சொல்லிடுவேன்.”

“கேசு ஆயிடும்டி.”

“ஆவட்டும். யாருன்னே தெரியலன்னு மழுப்பிக்கினு இருந்தா ஒங்க தெருவுல எவன் நம்புவான்? ஒங்க புள்ளைங்க எங்க தெருவ தாண்டி பள்ளிக்கூடம் போவ வாணாமா?”

“சொல்லிட்டு வூட்டுக்கு எப்பிடி போவ?”

“கொஞ்ச நாளு எங்கிட்ட பேச மாட்டாரு. காதாவது சும்மா இருக்கும்.”

அக்கா சிரித்துவிட்டார். தாலுக்கா ஆபீஸ் ஸ்டாப் வந்ததும் மெம்பரோடு அவரும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“நீங்க எங்க?”

“நானும் உள்ள வந்து குந்திக்கறேன்.”

“ஒங்கள கூப்புடலியேக்கா.”

“ஒன்ன மட்டும் கூப்ட்டாங்களா? போனு வந்தது ஒங்க வூட்டுக்காரருக்குத்தான?”

இருவரும் சேர்ந்தே இறங்கினார்கள்.