விமல் கையெழுத்துப் போட்ட சுண்ணாம்பு

புல் முளைக்காத மைதானத்தில் நேராகச் சுண்ணாம்புக் கோடு போடுவது லேசுப்பட்ட வேலை இல்லை, இன்ஸ்பெக்டர் மேடம். கயிறு கட்டிப் பிடித்தாலும் காற்று கிளம்பிவிட்டால் பொடி ஒதுங்கிவிடும். அதனால் நான் ஆறு மணிக்கு முன்னாலேயே போட்டு முடித்துவிடுவேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எங்கள் இரும்பு ஆலை மைதானம் மட்டும்தான் பார்க்க மைதானம் மாதிரி இருக்கிறது என்று மாவட்டக் கால்பந்துச் சங்கத்திலேயே சொல்வார்கள். நீங்கள் கேட்டதற்கு இது பதில் இல்லை என்று தெரியும். விஷயத்துக்கு வருகிறேன்.

என் பெயர் தேசப்பன். ஆலையில் சரக்குக் கிடங்கில் வேலை. அதோடு ஆலையின் கால்பந்து அணிக்கு இருபத்திரண்டு வருடமாகச் செயலாளர். பெயருக்குச் செயலாளர் இல்லை. யார் ஆடுவது, யார் வெளியே உட்காருவது, திருவள்ளூர் சங்க அலுவலகத்துக்குப் பட்டியல் எப்போது போவது, எல்லாம் என் கையில்தான் இருந்தது. கோச்சுகள் வருவார்கள், போவார்கள். நான் இருப்பேன். ராபினைக் கண்டுபிடித்ததும் நான்தான். மணவாள நகரில் ஒரு தெரு மேட்ச்சில் அவன் கோல் காத்ததைப் பார்த்துவிட்டு, அவன் அம்மா ஆரோக்கியமேரியிடம் நானே போய்ப் பேசி, ஒப்பந்தத் தொழிலாளியாக ஆலைக்குள் கொண்டுவந்தேன். இந்த சீசன் முடிந்ததும் நிரந்தரம் ஆகியிருப்பான். அவன் மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

விமல் வந்தது போன தை மாதம். அணிக்கு ஜெனரல் மேனேஜர் என்று புதிதாக ஒரு பதவி உண்டாக்கி, முதலாளி அவரை உட்கார வைத்தார். முப்பத்திரண்டு வயது. விளையாட்டு நிர்வாகம் என்று வெளிநாட்டில் ஏதோ படித்தவர். வந்த முதல் நாளே சுவரில் ஒரு சார்ட் ஒட்டினார். உச்சியில் அவர் பெயர். என் பெயர் அடியில், தண்ணீர் கேன் போடுகிறவர் பெயருக்குப் பக்கத்தில், 'மைதானப் பராமரிப்பு' என்ற கட்டத்துக்குள் இருந்தது. என் பெயரில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது, அதை மட்டும் பேனாவால் திருத்தினேன்.

அதற்கப்புறம் அணியின் தாள்கள் இருக்கும் பீரோவின் பூட்டை மாற்றினார். நான் உள்ளே போனால் போனைக் கவிழ்த்து வைப்பார். கோச்சும் அவரும் பேசிக்கொண்டு இருப்பார்கள், என்னைப் பார்த்ததும் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். அவருக்கு என் மேல் சந்தேகம். அவர் கொண்டுவந்த இரண்டு ஆட்டக்காரர்களின் பதிவுத் தாளை நான் வேண்டுமென்றே தாமதமாக அனுப்பினேன் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். அனுப்பியது தாமதமாகத்தான், வேண்டுமென்றேதான். ஆனாலும் ஆதாரம் இல்லாமல் ஒருவரைச் சந்தேகப்படுவது நல்ல பழக்கம் இல்லை.

ஆடி மாதம் ஒரு பயிற்சியின்போது ராபினிடம், பந்து வந்தால் இரண்டு அடி முன்னால் வா என்றேன். அதில் என்ன தப்பு. பசங்கள் எல்லாரும் நிற்கும்போதே விமல் சொன்னார்.

"தேசப்பன் சார், உங்கள யாரு கேட்டது? இனிமே கிரவுண்ட் வேலையும் நீங்க பாக்க வேணாம். எதுவா இருந்தாலும் என் கையெழுத்துல போகட்டும்." அப்புறம் ராபினைப் பார்த்து, "நான் சொல்றத மட்டும் கேளு" என்றார்.

"சரிங்க சார்" என்றான் ராபின்.

நிரந்தரம் ஆக வேண்டியவன், வேறென்ன சொல்வான். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவே இல்லை. ஆனால் எனக்கு அவமானமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். வீட்டில் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். இன்னா ஆச்சி என்று மனைவி மூன்று தடவை கேட்டாள்.

இப்போது சுண்ணாம்புக்கு வருகிறேன். கோடு போடுவதற்கு நீற்றிய சுண்ணாம்புதான் எடுக்க வேண்டும், அதாவது தண்ணீர் விட்டு வெந்து அடங்கி, காய்ந்த பொடி. நான் அதைப் பத்து நாள் முன்னாடியே கடையில் வாங்கி, துணியில் சலித்து வைப்பேன். எங்கள் ஆலையின் உலைக்குப் போடுகிற சுண்ணாம்பு வேறு. அது நீற்றாதது. பார்க்க இரண்டும் ஒரே வெள்ளைதான். ஈரம் பட்டால்தான் அது யார் என்று தெரியும். வெளிநாட்டில் படித்தவருக்கு அது தெரிந்திருக்க நியாயம் இல்லை.

ஆவணியில் அரையிறுதி ஆட்டம் எங்கள் மைதானத்தில். விமல் கம்ப்யூட்டரில் தேடி, ஆலையின் கிடங்கிலேயே சுண்ணாம்புப் பொடி இருக்கிறது என்று கண்டுபிடித்து, நான்கு மூட்டை கேட்டுச் சீட்டு அனுப்பினார். சுமலதா அன்றைக்கு எனக்குப் போன் செய்தாள் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறாள். உண்மைதான். கிடங்கில் அவள் எனக்குக் கீழே வேலை செய்கிற பெண், பொய் சொல்ல மாட்டாள்.

"அண்ணே, ஃபர்னஸுக்குப் போற சுண்ணாம்பப் போயி கிரவுண்டுக்குக் கேட்டுக்கினு இருக்காரு. இன்னாண்ணே பண்றது?"

"சார் கையெழுத்து இருக்குதா?"

"இருக்குதுண்ணே."

"அப்போ குடுத்துடும்மா. நமக்கு இன்னாத்துக்குப் பேஜாரு."

அதுவரைக்கும் என் எண்ணம் சாதாரணமானது. யாருக்காவது காலில் கொப்புளம் வரும், ஆட்டம் நிற்கும், விமல் முதலாளியிடம் நின்று பதில் சொல்வார். அவ்வளவுதான் நினைத்தேன்.

ஆட்டத்தன்று காலையில் புதிதாகச் சேர்ந்த சுப்பிரமணி கோடு போட்டுக்கொண்டு இருந்தான். கை எரியுது சார் என்றான். கிடங்கில் இருந்து ஒரு ஜோடி கையுறை எடுத்துவந்து கொடுத்தேன். நான் அக்கறை இல்லாத ஆள் என்று யாரும் சொல்ல முடியாது. போகும்போது, கோல் லைனை மட்டும் கொஞ்சம் பட்டையாகப் போடு, விமல் சார் வீடியோ எடுக்க ஆள் கூப்பிட்டிருக்கிறார் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். கோல் லைன் பட்டையாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும்.

முதல் பாதி முடிய நான்கைந்து நிமிடம் இருந்திருக்கும். எதிரணிக்காரன் ஒருவன் தனியாகப் பந்தோடு வந்தான். ராபின் அவன் காலடியில் பாய்ந்தான், பந்தைப் பிடித்தும் விட்டான். பிடித்தபடியே கோட்டின் மேல் முகம் புதைய உருண்டான். எழுந்து உட்கார்ந்து கண்ணைத் தேய்த்தான். அப்புறம் கத்தினான். அந்தச் சத்தத்தை விவரிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

விமல்தான் முதலில் ஓடினார், கையில் தண்ணீர் பாட்டில். மூடியையும் திறந்துவிட்டார். நான் பின்னாலேயே போனேன்.

"ஊத்தாதீங்க சார்" என்றேன். "இது நீத்தாத சுண்ணாம்பு. தண்ணி பட்டா கொதிக்கும். கண்ணு போய்டும்."

நான் கத்திச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடம் கிடங்கில் இருந்தவன் சொன்னால் எல்லாரும் நம்புவார்கள். விமல் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் பாட்டிலை மூடினார். எட்டு மாதத்தில் அவர் நான் சொன்னதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. உலர்ந்த துண்டால் ராபின் கண்ணைக் கட்டச் சொன்னேன், கட்டினார்கள். ஜீப்பை எடுத்துவரச் சொன்னேன், எடுத்து வந்தார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆனது. உடனே ஏன் கழுவவில்லை என்று டாக்டர் கேட்டபோது எல்லாரும் விமலைத்தான் பார்த்தார்கள். பாட்டில் இன்னும் அவர் கையில்தான் இருந்தது, நிறைய தண்ணீரோடு. நான் பக்கத்தில் நின்றேன்.

கழுவ வேண்டும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடம் விடாமல் தண்ணீரில் கழுவவும் என்று உலைக்குப் போகிற வழியில் பலகை மாட்டியிருக்கிறது. தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் இருக்கிறது. தமிழில் எழுதிக் கொடுத்ததே நான்தான். வெறும் கண் எரிச்சலுக்காக ஒரு ஜெனரல் மேனேஜரை யாரும் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், மேடம். விசாரணை என்று சொல்வார்கள், எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பார்கள், அடுத்த வாரம் அவர் திரும்ப அதே நாற்காலியில் வந்து உட்காருவார். இதையெல்லாம் அந்தப் பாட்டிலின் மூடி திறந்த நேரத்துக்குள் யோசித்து முடித்துவிட்டேன். ராபினுக்குப் பதிலாக வேறு யார் விழுந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். எழுதிக்கொள்ளுங்கள், தெரிந்தேதான் சொன்னேன்.

விமலை மறுநாளே நீக்கினார்கள். சார்ட்டை யாரோ கிழித்துவிட்டார்கள். பீரோ சாவி என்னிடம் திரும்பி வந்தது. இறுதி ஆட்டத்துக்கு நானே கோடு போட்டேன்.

போன வாரம் ராபினைப் பார்க்கச் சென்னை ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு கண்ணிலும் கட்டு. இனிமேல் பார்வை வராது என்று அவனிடம் சொல்லிவிட்டார்களாம். என் குரலைக் கேட்டதும் கையை நீட்டித் துழாவினான். கொடுத்தேன். ரொம்ப நேரம் விடவில்லை.

"கிரவுண்டு உங்க கையில இருந்திருந்தா எனக்கு இப்டி ஆயிருக்காது இல்ல சார்" என்றான்.

ஆடி மாதத்திலிருந்து நானும் அதைத்தான், மேடம், ஆபீசில் இருக்கிற ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஒருத்தராவது காதில் போட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பையனுக்குக் கண் போயிருக்காது.