கடைசிப் பக்கத்து இருநூறு சொற்கள்

மயிலாப்பூரில் குடியிருப்பவர்களுக்கு எதிர் வீட்டில் என்ன குழம்பு என்று தெரியாமல் இருக்காது. எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான்.

எதிர் ஃப்ளாட் சுந்தரவல்லி கல்லூரியில் மொழியியல் நடத்தியவர். மலையூர்களுக்குப் போய், ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு, இதற்கு உங்கள் பேச்சில் என்ன என்று கேட்டுக் கேட்டு எழுதி வந்தவர். அலமாரி நிறைய மொழியியலின் பழைய, பெரிய நூல்கள். பக்கவாதத்தில் பேச்சு போனதும், அவற்றிலொன்றின் கடைசிப் பக்கத்தை மடியில் விரித்துக்கொண்டார். எந்த மொழியிலும் இருந்தே தீர வேண்டிய இருநூறு சொற்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அவர் கையாலேயே எழுதிய தமிழ். நான், தண்ணீர், வா, இல்லை. விரல் வைப்பார். நான் வாசித்துச் சொல்வேன்.

அதுவரை என்னைக் கண்டால் லிஃப்டுக்குக் காத்திராமல் படியிறங்கியவர்கள், டீச்சர் என்ன சொன்னார் என்று என் வாசலில் நின்றார்கள். ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு அவர்களை எவ்வளவு நேரம் நிறுத்த முடியும்? கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன்.

பகலில் பார்த்துக்கொள்ள வந்த அமீனா பீக்குப் படிக்கத் தெரியும் என்பதை நான் கவனிக்கவில்லை.

"டீச்சர் தண்ணின்னுதான் கை வச்சாங்க. நீ இன்னாத்துக்கு மாமி அவங்க மருமவள இழுக்குற?"

"நோக்கு எழுத்துதான்டி தெரியும். நேக்கு அவா மனசு தெரியும்."

சுந்தரவல்லியின் விரல் நகர்ந்தது. அவள். வா. இல்லை. அமீனா பீ மூன்றையும் உரக்கப் படித்தாள்.

"இனிமே நீ வரத் தேவல மாமி. டீச்சர், ஞாயித்துக்கெழம உங்க புள்ள வந்தா இத்தயே காட்டுங்க."

சனிக்கிழமை அமீனா பீ மருந்து வாங்கப் போனாள். மாற்றுச் சாவி என்னிடம்தான் இருந்தது. பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டேன். நோயாளி இருக்கும் அறையில் தூசு ஆகாது. அலமாரி முழுவதும் போயிற்று. மடியிலிருந்த புத்தகத்தின் மேல் அழுத்தி வைத்திருந்த கையை நான்தான் எடுத்துவிட்டேன். மெதுவாகத்தான் எடுத்தேன்.

மறுநாள் பெங்களூரிலிருந்து வந்த மகன் சுரேஷ்குமாரிடம், "அம்மாதான் போடச் சொன்னா. அமீனாவும் வேண்டாமாம்" என்றேன். சுந்தரவல்லியின் தலை ஆடியது. ஆமாம் என்கிறார் என்று சொன்னேன். அவன் அமீனா பீயை அனுப்பிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

இப்போது வெறும் போர்வையில் அந்த விரல் நாளெல்லாம் அலைகிறது. பார்க்க வருகிறவர்கள் என்ன என்று கேட்கிறார்கள். என்னைத்தான் தேடுகிறார் என்று சொல்கிறேன்.